இரண்டு மணிக் கட்டம்

நர்ஸ் வேலை இன்டர்வியூவில் வரும் மருந்துக் கணக்குக் கேள்விகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றைத் தாண்டியதும் நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் இப்படி ஒன்று கேட்பார்: "நைட் டியூட்டி. ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு 2 மணி பி.பி. பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். 4 மணிக்குப் போனால் சார்ட்டில் அந்தக் கட்டம் காலி. என்ன செய்வீர்கள்?"

"பதிவேடுகளை நேர்மையாகவும் ரகசியமாகவும் பராமரிப்பேன், மேடம்" என்று பாடப்புத்தகத்தை ஒப்பிப்பவர்கள் உண்டு. மேடம் கேட்டது அதுவல்ல. பேனாவை எடுத்து என்ன எழுதுவீர்கள் என்பதுதான் கேள்வி.

இப்படிச் சொல்லுங்கள்: "முதலில் நோயாளியைப் பார்ப்பேன். பி.பி., பல்ஸ் எடுத்து 4 மணிக்கு நேராகவே எழுதுவேன். 2 மணிக்கு அளவு எதுவும் போட மாட்டேன். பார்க்க விட்டுப்போனதை நர்ஸஸ் நோட்ஸில் இப்போதைய நேரம் போட்டு எழுதிக் கையெழுத்திடுவேன். இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்லிவிடுவேன்."

அந்தக் கட்டத்தில் 120/80 என்று போடுவது எளிது. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் நோயாளிக்குப் பெரும்பாலும் பல்ஸ்தான் முதலில் ஏறும், பி.பி. பிறகுதான் இறங்கும். 4 மணிக்கு 90/60, பல்ஸ் 120 என்று வைத்துக்கொள்வோம். ஓடிவரும் டாக்டர் சார்ட்டைப் பின்னோக்கிப் பார்ப்பார். 2 மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது என்று அங்கே இருந்தால், கசிவு இப்போதுதான் தொடங்கியது என்று நினைப்பார். காலிக் கட்டத்தைப் பார்த்தால், இடையில் என்ன நடந்ததென்று தெரியாது என்பதாவது அவருக்குத் தெரியும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வார்டைப் புரிந்துகொண்டவர் என்பது அதில்தான் தெரியும்.

அடுத்த கேள்வி உடனே வரும். "சீனியர் சிஸ்டர், 'ரவுண்ட்ஸ் வருதும்மா, ஏதாவது போட்டு ஃபில் பண்ணிடு' என்றால்?" மழுப்பாதீர்கள், சீனியர்களைக் குறை சொல்லவும் கிளம்பாதீர்கள். "நான் பார்க்காததை எழுத முடியாது சிஸ்டர், இன்சார்ஜிடம் நானே சொல்லிக்கிறேன்" என்பேன் என்று சொன்னால் போதும்.

பிழை திருத்தம் பற்றிய கேள்விக்கு விடை சிறியது. ஒயிட்னர் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு; பக்கத்தில் சரியானது, தேதி, நேரம், கையெழுத்து. கம்ப்யூட்டர் என்றால் உங்கள் பாஸ்வேர்டைத் தோழிக்குத் தராதீர்கள். அவர் பதிவதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரகசியம் பற்றிக் கேட்டால், எச்.ஐ.வி. நோயாளியை எடுத்துக்காட்டுங்கள். சில விலக்குகள் தவிர, அவர் சம்மதமின்றித் தொற்று இருப்பதை வெளியிடக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். சிகிச்சைக் குறிப்புக்குள் இருக்க வேண்டியதைக் கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் எழுதினால், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் படித்துவிடுவார்கள். எனக்கு இது பொறுக்க முடியாத கொடுமை.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். ஆக, நீங்கள் எழுதியதை அவரே படிக்கலாம். "ஒத்துழைக்காத நோயாளி" என்று எழுதாதீர்கள். "காலை 8 மணி ஊசி வேண்டாம் என்றார். நேற்று போட்ட இடம் வீங்கி வலிக்கிறது என்றார். டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதுங்கள்.

(தொடரும்)