விசிறி வைச்ச பிளேன் ஏறுமோ?

சென்னை விமான நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இதென்ன விசிறி வைச்ச பிளேன்? இது ஏறுமோ?"

முன்னால் நின்றது ஏடிஆர் 72-600, பலாலிக்குப் போகிற விமானம். அம்மா 80களில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர். டொரோண்டோவிலிருந்து பெரிய ஜெட்டில் வந்து, கடைசி 350 கிலோமீட்டருக்கு இது. "ஓம், ஏறும் அம்மா" எண்டு சொல்லிச் சமாளிச்சன். ஆனால் உண்மையைச் சொன்னால், எவ்வளவு ஏறும், ஜெட் எவ்வளவு ஏறும் என்ற கணக்கு எனக்கும் தெரியாது. இந்த வார எபிசோட்டில் நேரம் போதாமல் விட்டது இந்தக் கணக்கைத்தான்.

விமானம் மட்டமாகப் பறக்கக் காற்றுத்தடையை வென்றால் போதும். அதற்குச் செலவழித்த பிறகு மிஞ்சுகிற வலுதான் மேலே தூக்கும். மிச்சம் இல்லையெண்டால் ஏற்றமும் இல்லை, அவ்வளவுதான்.

முழுப் பாரத்தோடு ஏடிஆர் 23 தொன். கடல் மட்டத்துக்குக் கிட்ட நிமிடத்துக்குச் சுமார் 1,350 அடி ஏறும். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி எடையை ஏறும் வேகத்தால் பெருக்கிப் பாருங்கோ: ஏறக்குறைய 1.5 மெகாவாட் வரும். வீட்டில் தேத்தண்ணிக்கு வைக்கிற கேத்தில் ஆயிரத்தை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. அதன் இரண்டு எஞ்சினும் சேர்ந்து தரக்கூடியது 3.7 மெகாவாட் அளவு. மிச்சம் காற்றுத்தடைக்கும் புரொப்பெல்லரில் வீணாவதற்கும் போகும்.

எங்கட ஊர் ஐலண்ட் எயார்போர்ட்டில் நிற்கிற டேஷ் 8-400 வேறு ரகம். 29.6 தொன்னுக்கு 7.5 மெகாவாட். ஒரு தொன்னுக்கு என்று பிரித்தால் ஏடிஆருக்கு 160 கிலோவாட், இதற்கு 255. இரண்டிலும் விசிறிதான், ஆனால் ஏறுவதில் ஒரே சாதி இல்லை. (அந்த எயார்போர்ட்டில் ஜெட் விமான சேவைக்கு இடமில்லை என்பது 1983 ஒப்பந்தத்தில் வந்த விதி. அதில் பெரிய விஷயம் சத்தம்.)

ஜெட் எஞ்சினின் உந்துவிசை வேகத்தோடு பெரிதாக மாறாது. வலு என்பது உந்துவிசையை வேகத்தால் பெருக்குவது, எனவே ஜெட் வேகமாகப் போகப்போக அதன் கையில் வலு கூடுகிறது. புரொப்பெல்லரில் வலு ஏறக்குறைய நிலையானது. மெதுவாகப் போகும்போதுதான் உந்துவிசை அதிகம். அதனால் டர்போப்ராப் குட்டை ஓடுபாதையில் சட்டென்று எழும்பி, குறைந்த வேகத்திலேயே ஏறும். ஜெட்டுக்கு வேகம் வேண்டும். ஆனால் 10,000 அடிக்குக் கீழே 250 நொட் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று கனடாவிலும் அமெரிக்காவிலும் விதி இருக்கிறது. அது வரை ஜெட் தன் முழுக் கையையும் காட்ட முடியாது.

மேலே போனால் கதை மாறும். 25,000 அடியில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஏடிஆரின் உச்ச வரம்பும் 25,000 அடிதான். இதில் எஞ்சின் மட்டும் காரணமில்லை. அதற்கு மேலே பறக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒட்சிசன் முகமூடி தயாராக வைக்கவேண்டும். குறுந்தூரத்துக்கு அந்தப் பாரமும் செலவும் எதற்கு?

ஜெட் என்றால் மேலே எல்லாம் இலகு என்று நினைக்கவேண்டாம். 50 பேர் போகிற சிஆர்ஜே-200 ஜெட்டின் உச்ச வரம்பு 41,000 அடி. 2004 அக்டோபர் 14 இரவு, பயணிகள் யாருமில்லாமல் லிட்டில் ராக்கிலிருந்து மினியாபொலிசுக்குப் போன பின்னக்கிள் 3701 விமானத்தின் இரண்டு பைலட்டுகளும் அந்த உயரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நிமிடத்துக்கு 500 அடி ஏறு என்று ஓட்டோபைலட்டுக்குச் சொன்னார்கள். அது சொன்னதைச் செய்தது. ஆனால் அங்கே காற்று தரையில் இருப்பதில் கால்வாசிக்கும் குறைவு. மிச்ச வலு கிட்டத்தட்ட இல்லை. ஏற்றத்துக்கான விலையை வேகத்திலிருந்துதான் எடுத்தது. வேகம் குறைந்து குறைந்து, 41,000 அடியில் விமானம் ஸ்டோல் ஆனது. இரண்டு எஞ்சினும் அணைந்தன. திரும்ப மூட்ட முடியவில்லை. ஜெஃபர்சன் சிட்டியில் விழுந்து இருவரும் இறந்தார்கள்.

கையேட்டில் போட்டிருக்கிற அந்த இலக்கம் ஒரு எல்லை மட்டுமே. அன்றைய எடைக்கும் வெப்பநிலைக்கும் அங்கே போய்ச் சேரலாமா, சேர்ந்தால் நிற்கலாமா என்பது தனிக் கணக்கு. இதைப் படித்த பிறகு "மேலே போனால் பாதுகாப்பு" என்ற என் பழைய எண்ணம் போய்விட்டது.

சரி, சென்னை–பலாலிக்கு ஜெட்டை விட்டால்? 35,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்ற பைலட்டுகளின் வாய்க்கணக்குப்படி 105 கடல் மைல், அதாவது 195 கிலோமீட்டர் வேண்டும். ஏறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு. மொத்தப் பாதையே 350. ஏறி முடிக்க முன்னமே இறங்கத் தொடங்கவேண்டும். ஜெட்டின் வித்தையைக் காட்ட இடமே இல்லை. 2019இல் பலாலி திரும்பத் திறந்தபோது முதலில் வந்து இறங்கியதும் ஏடிஆர்தான்.

அன்று நாங்கள் ஏறிய விமானம் ஆறுதலாகத்தான் ஏறியது. அம்மா முதல் பத்து நிமிடம் என் கையை விடவில்லை. பிறகு யன்னலோடு ஒட்டிக்கொண்டார். உயரம் குறைவு என்பதால் கடலும் கரையும் தெளிவாகத் தெரிந்தன. பனைகள் தெரியத் தொடங்கினதும் ஒன்றும் கதைக்கவில்லை.

இறங்கி நடக்கும்போது ஒருமுறை திரும்பி அந்த விசிறியைப் பார்த்தார்.

"போகேக்கையும் இதிலதானே?"

"ஓம் அம்மா."

"அப்ப எனக்கு யன்னல் சீட்தான்."