பைல் உறுதி... கட்டடமும் உறுதி... பிறகு ஏன் சாய்ந்தது 13 மாடி?

2009, ஜூன் 27. சீனாவின் ஷாங்காய் நகரில் அதிகாலை ஐந்தரை மணி இருக்கும். கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த 13 மாடி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. நிலநடுக்கம் இல்லை, புயலும் இல்லை. உள்ளே இருந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். வீடுகளில் யாரும் குடியேறவில்லை என்பதால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது.

ஆச்சர்யம் என்னவென்றால், விழுந்த பிறகும் கட்டடம் ஏறக்குறைய முழுசாகவே கிடந்தது. அடியில் மட்டும் கான்கிரீட் பைல்கள் முறிந்து தொங்கின. அந்த பைல்களில் தரக்குறைவு இல்லை என்றது விசாரணைக் குழு. அப்படியானால் தவறு எங்கே?

மண்ணில்தான்!

கட்டடத்தின் தெற்கே நிலத்தடி கார் பார்க்கிங்குக்காக 4.6 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள். அள்ளிய மண்ணை வடக்கே, கட்டடத்தை ஒட்டியே சுமார் 10 மீட்டர் உயரத்துக்குக் குவித்தார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஷாங்காய் மண்ணோ மென்மையான களிமண். மண்மேட்டின் பாரம் தாங்காமல் அடிமண் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. நகரும்போது நடுவில் இருந்த பைல்களையும் சேர்த்துத் தள்ளியது.

பைலுக்கு மண்தான் துணை. அடிமுனையில் தாங்குவதும், சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொள்வதும், பக்கவாட்டில் ஆடாமல் அணைத்து நிற்பதும் மண்தான். அந்த மண்ணே நகர்ந்தால், அணைத்த கையே தள்ளும் கையாகிவிடும். பைலின் அடிப்பகுதி கெட்டியான மண்ணில் சிக்கி நிற்க, மேல்பகுதி தள்ளப்பட, இடையில் பைல் வளையும்.

ஒரு சாக்பீஸை நிமிர்த்தி வைத்து மேலே அழுத்துங்கள்... தாங்கும். இரு முனையையும் பிடித்து வளையுங்கள்... டக்கென்று முறியும். கான்கிரீட்டின் குணமும் அதுதான். அந்த வளைவைத் தாங்கத்தான் உள்ளே கம்பி வைக்கிறார்கள். ஆனால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஷாங்காயில் பயன்படுத்தியவை நடுவில் குழாய்போல வெற்றிடம் உள்ள பைல்கள். மேலிருந்து வரும் பாரத்தைச் சுமந்த அவற்றால், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பக்கத்தில் பேஸ்மென்ட் தோண்டுகிறார்களா? கவனிக்கவேண்டியவை இவை:

* பள்ளத்தின் ஓரத்தில் மண் சரியாமல் தடுப்பு அமைத்திருக்கிறார்களா?

* தோண்டிய மண்ணை உங்கள் சுவரை ஒட்டிக் குவிக்கிறார்களா?

* சுவரிலோ தரையிலோ புதிதாக விரிசல் தெரிகிறதா? கதவு, ஜன்னல் திடீரென இறுகுகிறதா?

சந்தேகம் வந்தால் உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துக் காட்டுங்கள். ‘எங்க வீடு பைல் போட்டுக் கட்டினது, ஒண்ணும் ஆகாது’ என்று இருந்துவிட வேண்டாம். ஷாங்காய் கட்டடமும் பைல் போட்டுக் கட்டியதுதான்!