நவோதயா: மொழிப் போரில் மறைந்த கேள்வி

புதுதில்லி: கிட்வாய் நகர் போன்ற குடியிருப்புகளில் வாழும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயா உண்டு. கிராமப்புற மாணவர்களுக்கு 75 சதவீத இடங்களை ஒதுக்கும் நவோதயா பள்ளியோ தமிழகத்தில் ஒன்றுகூட இல்லை.

1986 தேசியக் கல்விக் கொள்கை வழிவந்த இந்த உறைவிடப் பள்ளிகளின் மும்மொழித் திட்டம், 1968 முதல் நடைமுறையிலுள்ள இருமொழிக் கொள்கைக்கு முரணானது என்பது தமிழகத்தின் வாதம். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பள்ளிகளுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2025 டிசம்பரில் அதே நீதிமன்றம், மாவட்டந்தோறும் நிலத்தைக் கண்டறியுமாறு மாநில அரசைப் பணித்தது.

ஆனால், நுழைவுத் தேர்வின் மூலம் ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பில் சேர்வோர் அதிகபட்சம் 80 பேரே. எஞ்சிய பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளின் தரத்துக்கு யார் பொறுப்பு? மொழி குறித்து வாதிடும் இரு அரசுகளும் இதற்கும் விடை கூற வேண்டும்.