கரிசல் காட்டை வரைய எத்தனை கலர் வேணும்? நாலு போதும்!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போற ரோடு. ஐப்பசி மாசம், சாயங்காலம். வானம் இருட்டிக்கிட்டு வருது. ரெண்டு பக்கமும் கரிசல், நடுநடுவே சீமைக்கருவேல். இதை வரையணும்னா கலர் பாக்ஸ் முழுக்கத் தேவையா?

ஏற்கெனவே வரைஞ்சவர் யார்?

கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, படம் வரைந்தவர் ஓவியர் ஆதிமூலம் (1938-2008). வெறும் கறுப்புக் கோடுகள்தான். அதிலேயே கரிசல் மனுஷங்க உயிரோட நின்னாங்க.

அது என்ன நாலு கலர்?

வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஜோர்ன் (1860-1920) பெயரால் இதை ‘ஜோர்ன் பேலட்’ என்கிறார்கள். எல்லா நிறமும் இந்த நாலில் இருந்தே பிறப்பதால், படம் தானாகவே ஒரே மனநிலைக்கு வந்துவிடும்.

நீலமும் பச்சையும் இல்லாம எப்படி?

கறுப்போடு வெள்ளையைக் கலந்து, பக்கத்தில் காவியை வைங்க. அந்தச் சாம்பல் நம்ம கண்ணுக்கு நீலமாகத் தெரியும். மழை மேகம் ரெடி. கறுப்போடு மஞ்சள் காவி சேர்ந்தால் மங்கலான பச்சை வரும். அதுதான் சீமைக்கருவேல். மண்ணுக்குக் கறுப்பை அப்படியே பூசாதீங்க, துளி சிவப்பு சேருங்க. நனைஞ்ச மண் இன்னும் கறுப்பா இருக்கும். மண் துகள்களின் இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிடுவதால், வெளிச்சம் குறைவாகவே திரும்பி வரும்.

எங்கே சொதப்பும்?

எல்லா இடத்தையும் ஒரே அளவுக்கு இருட்டாக்கினால்! ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம் வைங்க. அடிவானத்துல ஒரு கீற்று போதும். சரியா வந்திருக்கானு பார்க்க, மொபைலில் படம் எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்திப் பாருங்க. அந்தக் கீற்று டக்குனு கண்ணில் படணும்.

இருட்டுன்னா சோகமா?

வெளியூர்க்காரங்க பெரும்பாலும் தப்பு பண்ற இடம் இதுதான். இது மானாவாரி பூமி. மழை வந்தால்தான் விதைப்பு. மேகம் கறுத்தா இங்கே சந்தோஷம். வெள்ளையா வெறிச்சோடிக் கிடக்கிற சித்திரை வானமும், வெடிச்சு வெளுத்துப்போன நிலமும்தான் பயம். அதுக்கும் இதே நாலு கலர்தான், வெள்ளை மட்டும் நிறைய செலவாகும். அதனால பிரஷ்ஷை எடுக்கிறதுக்கு முன்னாடி, எந்த மாசத்தை வரையப் போறீங்கனு முடிவு பண்ணிக்கோங்க.