முதுகு அரிக்கிறதா? சொறியாதீர்கள்!

மாட்டுக்கு முதுகு அரித்தால் மரத்தில் உரசிக்கொள்ளும். மனிதன் என்ன செய்வான்? சீப்பைத் தேடுவான், விசிறிக் காம்பைத் தேடுவான், கடைசியில் அவனும் கதவு நிலையில்தான் உரசுவான்!

மல்லசமுத்திரம் பக்கத்து மேட்டாங்காடுகளில் மழை ஓய்ந்து, பனிக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் தோல் வறளும். முதியவர்களுக்குத் தொல்லை அதிகம்.

ஏன் அரிக்கிறது?

தோலின் எண்ணெய்ப் பசைதான் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. வயது ஏற ஏற அந்தப் பசை குறையும். சுடச்சுட வெந்நீர் ஊற்றி, சோப்பை அழுத்தித் தேய்த்தால் மிச்சமும் போய்விடும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதன் கசடு தோலிலேயே தங்கும். சொறியச் சொறியத் தோல் கீறும். கீறக் கீற அரிப்பு வளரும்!

என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளியுங்கள். பீர்க்கங்காய் நார் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுவதும் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். 2004-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் சோதித்தார்கள். தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்தது.

கை எட்டவில்லையா? பழைய வேட்டியை நீளவாக்கில் கிழியுங்கள். நடுவில் எண்ணெய் விட்டு, இரு முனைகளையும் பிடித்து முதுகின் குறுக்கே இழுங்கள். மல்லசமுத்திரத்தில் ஏலம் போகிறதே, பருத்தி! அதில் நெய்த துணிதான் உடுத்தவும் நல்லது.

எச்சரிக்கை!

அரிப்பெல்லாம் வறட்சி அல்ல. வட்ட வட்டமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு களிம்பு பூசினால் அரிப்பு அடங்கும், நோயோ படரும்! 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

இரவில் குடும்பமே சொறிந்தால் சிரங்காக இருக்கலாம். எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், தொழுநோயா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சிகிச்சை இலவசம், குணமாகும். தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் வாரக்கணக்கில் அரித்தால் சிறுநீரகம், ஈரல், தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

தன் முதுகு தன் கண்ணுக்குத் தெரியாது. தாத்தாவுக்கு எண்ணெய் தடவும் பேரப் பிள்ளைகளே! தடவும்போது முதுகை நன்றாகப் பார்த்தும் சொல்லுங்கள்.