நீலக்கடலுக்கு எந்த ஈட்டித் துப்பாக்கி?

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கரையிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலுக்குள் எரிமலைப் பாறையாக எழுந்து நிற்கிறது குவாதலூப்பே தீவு. 1982-இல் அங்கே டெரி மாஸ் என்ற அமெரிக்கர், முதுகில் காற்று உருளை இல்லாமல் மூச்சை அடக்கி மூழ்கி, ஒரு நீலத்துடுப்புச் சூரையை ஈட்டித் துப்பாக்கியால் வேட்டையாடினார். மீனின் எடை 398 பவுண்டு. ஏறக்குறைய 180 கிலோ. மூச்சடக்கி வேட்டையாடுகிறவர்கள் இன்றும் மரியாதையோடு பேசும் மீன் அது.

அப்படிப்பட்ட வேட்டையில் துப்பாக்கியின் வேலை ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. விசையை இழுத்ததும் ரப்பர் சுருங்குகிறது, ஈட்டி பாய்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் முனைக்கும் நூலுக்கும் மிதவைக்கும் மீனுக்கும் இடையிலான இழுபறி. ஆனால் ஆழ்கடல் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போகிற பெரும்பாலானோர் முதலில் கேட்பது, ‘எவ்வளவு தூரம் அடிக்கும்?’ என்றுதான். அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்தால்தான் சரியான துப்பாக்கி கண்ணில் படும் என்பது என் உறுதியான எண்ணம். பார்க்க வேண்டியவை இரண்டு: துப்பாக்கியின் நிறை, ஈட்டி போன பிறகு மீனைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு.

தூரத்தைப் பற்றிய ஆசை ஏன் வருகிறது என்பது புரிகிறது. கரையோரக் கலங்கலில் நாலு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. மீன் தெரியும்போதே கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். நீலக்கடலில் முப்பது மீட்டருக்கு அப்பாலும் தெளிவாகத் தெரியும். அவ்வளவு தெளிந்த நீரில் நீண்ட துப்பாக்கிதான் வேண்டும் என்று மனம் சொல்கிறது. ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. துப்பாக்கியின் வாயைவிட்டு வெளியேறிய கணத்திலிருந்தே ஈட்டி வேகத்தை இழக்கிறது. நாலைந்து ரப்பர் பூட்டிய பெரிய மரத் துப்பாக்கியில்கூட ஆறேழு மீட்டருக்கு அப்பால் பெரிய மீனின் உடலைத் துளைத்து மறுபக்கம் போகும் வலு மிஞ்சுவது அரிது. கண் முப்பது மீட்டர் பார்க்கிறது. ஈட்டி ஆறு மீட்டர்தான் போகிறது. நடுவில் இருக்கும் இருபத்து நாலு மீட்டரை எந்தத் துப்பாக்கியும் குறைத்துத் தராது. அசையாமல் மிதந்து, மீனை நேராக முறைக்காமல், அதன் ஆர்வம் அதைக் கிட்டே கொண்டுவரும்வரை காத்திருக்கும் மூழ்காளியின் வேலை அது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாஸ்க்கின் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது, ஒளிவிலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டவும் தெரியும். எட்டு மீட்டரில் இருக்கும் மீன் ஆறு மீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும். கரையோரமாக இருந்தால் பாறையையும் பாசியையும் வைத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். நடுக்கடலில் மேலும் கீழும் ஒரே நீலம். அளந்து பார்க்க ஒன்றுமில்லை. இருபது கிலோ மீன் கிட்டே இருக்கிறதா, அறுபது கிலோ மீன் எட்ட இருக்கிறதா என்பதில் பழகியவர்களே ஏமாறுவார்கள். அதனால் துப்பாக்கி வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, தண்ணீருக்குள் ஓர் இலக்கைத் தொங்கவிட்டு, அளந்த கயிறு கட்டி, நாலு, ஐந்து, ஆறு மீட்டரில் சுட்டுப் பார்ப்பது. எந்தத் தொலைவில் இலக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது கண்ணில் பதிய வேண்டும்.

இனி நிறைக்கு வருவோம். கடைக்காரர் சொல்லும் நீளத்தைவிடவும் ரப்பர் எண்ணிக்கையைவிடவும் முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. பெரிய மீனின் உடலைத் துளைக்கக் கனமான ஈட்டி வேண்டும். 170 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகு ஈட்டி 7 மில்லிமீட்டர் தடிமனில் அரைக் கிலோ இருக்கும். 8 மில்லிமீட்டரில் 670 கிராமைத் தொடும். ஒன்பதரை மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட ஒரு கிலோ. மெல்லிய ஈட்டி வேகமாகக் கிளம்பிச் சீக்கிரம் சோர்ந்துபோகும். தடித்தது மெல்லக் கிளம்பினாலும் கடைசிவரை தள்ளிக்கொண்டு போகும். ஆனால் தடித்த ஈட்டியை ஓட்ட ரப்பர் அதிகம் வேண்டும். ரப்பர் கூடினால் உதைப்பும் கூடும்.

நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியில் படித்த யாரும் இதைக் கணக்குப் போட்டுவிடலாம். எழுநூறு கிராம் ஈட்டியை ஒன்றரைக் கிலோ அலுமினியக் குழாயிலிருந்து அனுப்பினால், கையும் தண்ணீரும் தாங்குவதை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, ஈட்டியின் வேகத்தில் கிட்டத்தட்டப் பாதி வேகத்தில் குழாய் பின்னால் வரும். அதே ஈட்டியை ஐந்து கிலோ மரத் துப்பாக்கியிலிருந்து அனுப்பினால் ஏழில் ஒரு பங்குதான். உதைப்பு மணிக்கட்டை வலிக்கச் செய்வதோடு நிற்பதில்லை. ஈட்டி தடத்தைவிட்டு முழுதாக வெளியேறும் முன்பே வாய் மேலே தூக்கிவிடுகிறது. குறிவைத்த இடத்துக்கு மேலே ஈட்டி போகிறது. ஐந்து மீட்டரில் ஒரு சாண் விலகினால் முதுகெலும்பில் பட வேண்டியது முதுகுத் துடுப்போடு போய்விடும். ‘துப்பாக்கி சரியில்லை, இன்னொரு ரப்பர் போடலாம்’ என்று நினைப்பவர் பிழையை இன்னும் பெரிதாக்குகிறார்.

மரத்தின் அழகு இங்கேதான் விளங்குகிறது. சரியாகச் செதுக்கிய ஐந்து கிலோ துப்பாக்கி தண்ணீருக்குள் மூழ்கவும் செய்யாது, மேலே வரவும் செய்யாது; ஒரு விரலில் தாங்கலாம். தண்ணீர் எடையை ஏற்றுக்கொண்டாலும் நிறை எங்கும் போய்விடவில்லை. விசையை இழுக்கும் கணத்தில் அந்த ஐந்து கிலோவும் உதைப்பை வாங்கிக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் இந்த வழி பழையது. 1933-இல் சான் டியாகோவில் தொடங்கிய ‘பாட்டம் ஸ்கிராச்சர்ஸ்’ குழுவின் ஜாக் பிரோடனோவிச் போன்றவர்கள், விற்பனைக்கு எதுவும் இல்லாத காலத்தில் தங்கள் கருவிகளைத் தாங்களே செய்துகொண்டவர்கள். பின்னாளில் ஜே ரிஃப் தேக்கில் துப்பாக்கி செய்து உலகெங்கும் விற்றார். தேக்கில் இருக்கும் எண்ணெய் உப்புநீருக்கு ஈடுகொடுக்கும். அதைப் பட்டைகளாக அறுத்து, நாரோட்டம் மாறிமாறி வரும்படி ஒட்டினால் வளையாது. நாலு ரப்பரின் இழுப்பில் தண்டு இம்மியளவு வளைந்தாலும் ஈட்டி கோணலாகத்தான் போகும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. நல்ல துப்பாக்கிகளில் ஈட்டி மூடிய தடத்துக்குள் ஓடும். ரப்பர் பின்னாலிருந்து தள்ளும்போது ஈட்டி வில்லாக வளையப் பார்க்கும். தடம் அதை அழுத்திப் பிடித்துவைக்கும். மணலும் உப்பும் புகுந்தால் இறுகிக்கொள்ளும் என்பதால், தினமும் நன்னீரில் கழுவ மனமில்லாதவர்களுக்குத் திறந்த தடமே மேல்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேறொரு மரபு வளர்ந்தது. அங்கே கடல் பெரும்பாலும் கலங்கல், அலை முரட்டுத்தனமானது. ராப் ஆலன் அங்கே உருவாக்கிய குழாய்த் துப்பாக்கி, மேலே தண்டவாளம்போல நீளத் தடம் கொண்டது. இலேசானது, உறுதியானது, சட்டென்று திருப்பலாம். 130, 140 சென்டிமீட்டர் அளவில் இரண்டு மூன்று ரப்பர் பூட்டிச் சூரை வேட்டைக்கும் அதைக் கொண்டுபோகிறார்கள். முப்பது நாற்பது கிலோ வரையிலான மீனுக்கு அதுவே போதும் என்பேன். விலையும் மரத்தைவிடக் குறைவு. அதற்கு மேல் எடையுள்ள மீனைத் தேடிப் போகிறவர் மரத்துக்கு மாறுவது நல்லது. கனத்த மரத்தைப் பக்கவாட்டில் வேகமாகத் திருப்ப முடியாதுதான். நடுக்கடலில் அதற்குத் தேவையும் குறைவு. உருளையில் ரப்பரைச் சுற்றவிட்டு அடிப்பக்கமும் இழுக்கும் ரோலர் துப்பாக்கிகள் குறைந்த நீளத்தில் நிறைய வலு தருகின்றன. அலையில் ஆடிக்கொண்டே அவற்றைப் பூட்ட நிறையப் பழக வேண்டும்.

பூட்டுவதைப் பற்றிக் கடையில் யாரும் கேட்பதில்லை. பிடியின் பின்முனையை இடுப்பிலோ நெஞ்சிலோ ஊன்றி, இரண்டு கையாலும் தடித்த ரப்பரை அதன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுத்து ஈட்டியின் பல்லில் மாட்ட வேண்டும். காலையில் முடியும். நாலு மணி நேரம் நீந்தி, தாகத்தில் நாக்கு வறண்டு, தோள் சோர்ந்த பிறகும் முடிகிறதா என்பதே அளவுகோல். மூன்றாவது ரப்பரை மாட்டத் திணறுகிறவர் இரண்டு ரப்பர் துப்பாக்கியோடு போகட்டும். ஒருமுறை பூட்டி மூச்சு வாங்குகிறவரால் அடுத்த முழுக்கில் நிதானமாக இருக்க முடியாது. நிதானம் போனால் மீனும் கிட்டே வராது.

இனி ஈட்டி போன பிறகு. என் கணிப்பில் செலவழிக்கும் பணத்தில் பாதியாவது இங்கே போக வேண்டும். வஞ்சிர இனத்தின் பெரிய உறவான வாஹூவுக்குச் சதை மென்மை. குத்திய வேகத்தில் நூறு மீட்டர் ஓடும். ஓட்டத்தில் காயம் கிழிந்து ஈட்டி கழன்றுவிடும். அதனால் அதற்கு இழுபட்டு நீளும் ரப்பர்க் கயிறு வேண்டும். மீன் ஓடட்டும், கயிறு நீண்டு நீண்டு களைப்பை உண்டாக்கட்டும். பவளச் சரிவுகளில் திரியும் நாய்ப்பல் சூரை இதற்கு நேர் எதிர். அடிபட்டதும் நேராக ஆழத்துக்குப் பாய்ந்து, பாறை விளிம்பில் நூலை உரசி அறுத்துக்கொள்ளும். அங்கே நீளும் கயிறு மீனுக்குத்தான் உதவி. நீளாத கயிறும், சேர்த்துக் கட்டிய பெரிய மிதவைகளும் வேண்டும். முப்பத்தைந்து லிட்டர் மிதவை முழுதாக மூழ்கும்போது ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோ எதிர்விசை கொடுக்கும். இரண்டு கட்டினால் எழுபது. ஆக, எந்த மீன் என்று முடிவு செய்யாமல் எந்தத் துப்பாக்கி என்று கேட்பதில் பொருளில்லை.

முனையும் அப்படித்தான். சின்ன மீனுக்கு ஈட்டியோடு ஒட்டிய மடக்குமுள் போதும். பெரிய மீன் உடலை முறுக்கும்போது ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும் எஃகுத் தண்டு நெம்புகோலாகிக் காயத்தை அகலப்படுத்தும்; இல்லையென்றால் தண்டே வளையும். இதற்காகத்தான் கழன்று திரும்பும் முனை. உடலைத் துளைத்து மறுபக்கம் போனதும் முனை தண்டிலிருந்து கழன்று, சட்டைப் பொத்தான்போலக் குறுக்கே திரும்பி நின்றுகொள்ளும். அதன் பிறகு மீனைப் பிடித்திருப்பது அந்த முனையும் சிறு கம்பிவடமும்தான். இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் நெய்தல் பாடல் ஒன்று, காய்ந்த மூங்கில் காம்பில் செருகிய கூரிய எறியுளியைப் பரதவர் கொம்புள்ள மீன்மேல் எறிவதைச் சொல்கிறது. நம் கரையோர மீனவர்கள் எறிந்த மண்டா என்ற ஈட்டியும் அதே வழிவந்ததே. எறிவது கையா ரப்பரா என்பது மாறியிருக்கிறது. முனை தங்க வேண்டும், பிடி விடக்கூடாது என்பது மாறவில்லை.

நூல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதில் உயிர் இருக்கிறது. நீலக்கடலில் பெரிய மீனுக்குப் போகிறவர் நூலைத் துப்பாக்கியோடு கட்டவே கூடாது. சுட்டதும் துப்பாக்கியிலிருந்து பிரிந்து, மிதவைக் கயிற்றோடு மட்டும் ஓடும் அமைப்பு வேண்டும். மீன் மிதவையை இழுத்துக்கொண்டு போகும். துப்பாக்கி அந்த இடத்திலேயே மிதக்கும். ஈட்டி இல்லாத நிலையில் மிதக்கிறதா என்று வாங்கும் முன் தொட்டியில் போட்டுப் பார்க்க வேண்டும். ரீல் பூட்டிய துப்பாக்கி கரையோரத்துக்குச் சரி. நூறு கிலோ சூரை ஆழத்துக்கு இழுக்கும்போது ரீல் சிக்கினால் இழுபடுவது மனிதர். தங்கூசியோ கம்பிவடமோ காலிலோ ஃபின்ஸிலோ ஒருமுறை சுற்றிக்கொண்டாலும் முடிவு அதுவே. அதனால் இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் கத்தி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு மீனும் ஒரு காரணம். வலையில் அகப்படுவதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மூச்சடக்கி மூழ்குபவர் ஒரு மீனைப் பார்த்து, அதை மட்டும் எடுக்கிறார், வேண்டாததை விட்டுவிடுகிறார். இந்த வேட்டையின் நியாயம் அதுதான். எட்டாத தூரத்தில் சுட்டு, உடலில் ஈட்டியோடு தப்பிப்போன மீன் அந்த நியாயத்தைக் கெடுத்துவிடுகிறது. அது எங்கோ போய்ச் சாகும், யாருக்கும் உணவாகாமல். பெரிய மீன்தான் நிறைய முட்டையிடும் மீன் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பசிபிக் நீலத்துடுப்புச் சூரையின் கையிருப்பு, மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவில் மூன்று விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டதாக 2016 மதிப்பீடு சொன்னது. பல நாடுகள் அளவைக் குறைத்த பிறகு, 2024 மதிப்பீட்டில் இருபது விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. எங்கே போனாலும் உள்ளூர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்வது முதல் கடமை. மாலத்தீவில் இந்த வேட்டைக்கே அனுமதியில்லை.

உலகச் சாதனைகளைப் பதியும் சர்வதேச அமைப்பின் விதிகள் எளியவை: மூச்சடக்கித்தான் மூழ்க வேண்டும், துப்பாக்கியைத் தன் உடல் வலுவால்தான் பூட்ட வேண்டும், வெடிமுனை கூடாது. இந்த விதிகளுக்குள் நடக்கும் வேட்டையில் உயிர்களைப் பறிப்பது பெரும்பாலும் சுறா அல்ல. ஆழத்தில் அழுத்தம் அதிகமாக இருக்கும்போது நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மூளைக்குப் போதுமானதாக இருக்கும். மேலே வரவர அழுத்தம் குறையும். கடைசிப் பத்து மீட்டரில் அந்த ஆக்சிஜன் சட்டென்று போதாமல் போய், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். மீனை அடித்த பரபரப்பில் இன்னும் பத்து நொடி கீழே நின்றவர்களுக்கு இது நேர்கிறது. பக்கத்தில் ஆள் இருந்து, முகத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம்.

ஆகவே பழகிய குழுக்களில் இரண்டு பேருக்கு ஒரே துப்பாக்கி. ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே முகத்தை நீருக்குள் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்; மேலே வந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்க மாட்டார். பிறகு முறை மாறும். படகுக்குப் பக்கத்தில் வந்ததும், ஏறுவதற்கு முன் தண்ணீரிலேயே ரப்பர்களைக் கழற்றிவிடுவார்கள். பூட்டிய துப்பாக்கி படகுக்குள் வரவே வராது. இருவரும் சேர்ந்து ஒரு நல்ல மரத் துப்பாக்கி வாங்கி, இரண்டாவது துப்பாக்கிக்கு ஆகும் பணத்தை மிதவைக்கும் கயிற்றுக்கும் மாற்று முனைகளுக்கும் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.