பெயர் மாறிய ஆடை

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையை விரித்துப் பார்க்கும் நம் தாய்மார், "இது கோபுரக் கரை, இது உருத்திராக்கம், இது மயில்கண்" என்று ஒவ்வொரு கோலத்தையும் பெயர் சொல்லி அழைப்பர். உள்ளபடி பார்த்தால் அவை கோடுகளும் புள்ளிகளுமே. அவற்றிற் கோபுரத்தைக் காண்பது, கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த சமூகத்தின் கண். நெசவுக் கோலத்துக்குப் பெயரிடும் இத்தகைய வழக்கம் மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டிலே அரசியல் பேசும் மொழியாகவே வளர்ந்திருக்கின்றது.

அந்நாட்டு அசாந்தி மக்களின் பெருமைக்குரிய ஆடை 'கெந்தே'. குமாசி நகரை அடுத்த பொன்விரே என்னும் ஊர் இதற்குப் பெயர்போனது. ஏறக்குறைய 4 அங்குல அகலமுள்ள நீண்ட நாடாக்களாக நெய்து, பின்னர் அவற்றைப் பக்கம் பக்கமாக இணைத்துத் தைப்பர். மரபின்படி நெய்வோர் ஆடவரே. சிலந்தி வலை பின்னுவதைக் கண்டு இக்கலையைக் கற்றனர் என்பது அவர்களது பழங்கதை. பாவிலுள்ள நிறக்கோடுகளின் வரிசையைக் கொண்டே பெரும்பாலும் துணிக்குப் பெயர் அமையும். ஒரு வகையின் பெயர் 'அத்வினாசா'. 'என் கற்பனை தீர்ந்தது' என்பது பொருள். தான் அறிந்த கோலங்கள் யாவற்றையும் ஒரே துணியிற் கொட்டிவிட்ட நெசவாளனின் கூற்று அது. தற்பெருமையை இதனினும் அடக்கமாகச் சொல்ல முடியுமோ!

அசாந்தியரிடம் 'அதின்க்ரா' என்னும் அச்சுத் துணியும் உண்டு. சுரைக்குடுவை ஓட்டிற் செதுக்கிய அச்சுக்களால் அதிற் குறிகளைப் பதிப்பர். தலையைப் பின்னே திருப்பிய பறவை, 'விட்டுவந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்' என்னும் கருத்துடையது. இங்கே பறவையின் உருவமே பொருளை ஓரளவு உணர்த்திவிடுகின்றது. கெந்தேயின் கோடுகளோ தாமாகப் பேசமாட்டா. மக்கள் இட்ட பெயரே அவற்றின் வாய்.

1957 மார்ச் 6ஆந் திகதி கானா விடுதலை பெற்றது. அதனை அறிவித்த குவாமே நிக்ரூமா அன்று கெந்தே அணியவில்லை. நாட்டின் வடபகுதி மக்களுக்குரிய கோடிட்ட பருத்தி அங்கியுடனேயே மேடையேறினார். பின்தங்கிக் கிடந்த வடபுலத்தாரை நோக்கி, 'நீங்களும் இந்நாட்டினரே' என்று சொல்லாமற் சொன்ன உடை அது என்றே நாம் கொள்கின்றோம். பின்னர் அரச வைபவங்களிலே கெந்தேயை விரும்பி அணிந்தார். அவர் அசாந்தியர் அல்லர். அசாந்தி நாட்டிலே அவருக்குக் கடும் எதிர்ப்பும் இருந்தது. எனினும் ஓரினத்தின் ஆடை அவர் தோளில் ஏறி நாட்டின் ஆடையாயிற்று.

அவ்வாண்டின் இறுதியில் எகிப்தியப் பெண்மணியாகிய பாத்தியாவை அவர் மணந்தார். அதனையொட்டி ஒரு கெந்தேக் கோலத்துக்கு, 'நிக்ரூமாவுக்கு ஏற்றவள் பாத்தியா' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆபிரிக்காவின் வடக்கும் மேற்கும் கைகோத்ததைக் கொண்டாடிய பெயர் அது.

ஆனால் ஆட்சியின் போக்கு வேறாயிற்று. 1958ஆம் ஆண்டுத் தடுப்புக்காவற் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிப் பலர் அடைக்கப்பட்டனர். 1964இல் எதிர்க்கட்சிகளுக்கு இடமில்லாது போயிற்று. நிக்ரூமாவை எதிர்த்து நின்ற அறிஞர் டன்குவா 1965இற் சிறையிலேயே இறந்தார். 1966 பெப்ரவரி 24ஆந் திகதி, நிக்ரூமா வெளிநாடு சென்றிருந்த வேளையிலே, இராணுவம் அவரது ஆட்சியைக் கவிழ்த்தது.

அதன்பின் அந்தக் கெந்தேக்குப் புதுப்பெயர் வந்தது: 'ஒருவர் தனித்து நாட்டை ஆள்வதில்லை'. அதே பாவு, அதே ஊடை, அதே நிறங்கள். முன்பு தலைவனின் மணவாழ்வை வாழ்த்திய கோடுகளே இப்போது அவனது ஆட்சிக்குத் தீர்ப்புக் கூறின. மேடைப் பேச்சோ துண்டுப் பிரசுரமோ இவ்வளவு சுருக்கமாக இதனைச் சொல்லியிருக்குமா என்பது ஐயமே.

தலைநகர் அக்கராவிலே நிக்ரூமாவின் சிலையையும் வீழ்த்தினர். தலையிழந்த அச்சிலை இன்று அவரது நினைவுப் பூங்காவில் நிற்கின்றது. அந்தக் கெந்தேக் கோலத்தைப் பற்றி எழுதுவோர் இன்றும் அதன் இரண்டு பெயர்களையும் சேர்த்தே குறிப்பிடுகின்றனர்.